நாலாம் ராக்கையில் ஒரு பழைய விலை

11 செவ்வாய்

விடிய நாலு மணியிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் குடைக் கொம்பனிக்குக் கடிதம் போடுவார். கடைக்கு 7.20. சப்பாத்துக்குள் தண்ணீர்.

இன்று மாற்றியது 94 விலைத்துண்டு. கொழும்புத் தலைமைக் கந்தோரில் இரவோடு இரவாகக் கம்பியூட்டரில் விலையை மாற்றிவிடுகிறார்கள். காலையில் இங்கே துண்டு அச்சாகி வரும். 8.30க்குக் கதவு திறக்கும் முன் பழையதை உருவிப் புதியதைச் செருக வேண்டும். சாமான் அடுக்கிய மூன்றாம், நாலாம் ராக்கைகள் என் பொறுப்பு. கீழ்த்தட்டுக்கு முழங்காலில் நிற்க வேண்டும். கோயிலில்கூட நான் இவ்வளவு நேரம் முழங்காலில் நின்றதில்லை. வயது 54.

ஒன்று தவறிவிட்டது. சவர்க்காரம். ராக்கையில் 145, பில்லில் 160.

வாசலில் பலகை போட்டிருக்கிறார்கள்: ராக்கையில் உள்ள விலையைவிடப் பில்லில் கூடினால் அந்தப் பொருள் உங்களுக்கு இலவசம், மன்னிப்பும் கேட்போம். மன்னிப்புக் கேட்பது காஷியர். இன்று ஷிபானா, காத்தான்குடிப் பிள்ளை. சவர்க்காரம் எடுத்தவர் கல்லடியில் இருந்து வருகிற ரீச்சர், ஓய்வு பெற்றவர். ஷிபானா விதிப்படி சும்மா கொடுக்க, அவர் பின்னுக்குப் போனார்.

"வேணாம் புள்ள. பதினஞ்சு ரூபாய்க்காக ஒரு சவர்க்காரத்தச் சும்மா கொண்டு போனன் எண்டு சனம் கதைக்கும்."

160ஐ வைத்துவிட்டுப் போய்விட்டார். பாதிப் பேர் இப்படித்தான். பலகையை வாசிப்பார்கள், கை நீட்ட வெட்கப்படுவார்கள். ஆனால் ஷிபானா பதிந்தது பதிந்ததுதான். பிழை என் பெயரில் ஏறிவிட்டது.

இந்த மாதம் இது இரண்டாவது. மூன்றானால் ராக்கை போய்விடும், பின்னறைதான். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் பொதி செய்கிற அறை. ஒரே ஒரு யன்னல், அதையும் எலிக்குப் பயந்து திறப்பதில்லை. போன வருடம் ஆள் குறைவென்று ஒரு நாள் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் மூச்சிழுப்பு, உட்கார்ந்தபடி நித்திரை.

மாதம் முடிய இன்னும் 19 நாள். கவனம், கவனம்.


12 புதன்

மழை விட்டு விட்டு. 40 துண்டு மட்டும். பிழை இல்லை. இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், இவருக்குச் சவர அலகு, சின்ன வெங்காயம் (விலை கேட்டு வாங்கு), குடைக்கம்பி.

இவர் இன்று பிரதேச சபைக்கு ஐந்தாவது கடிதம். தெரு விளக்கு. தபால் கந்தோரில் 34 வருடம் கவுண்டரில் இருந்தவர், ஓய்வு பெற்றபிறகு முத்திரை விற்பதற்குப் பதில் ஒட்டுகிறார். போன வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தபின் கண்ணாடியும் இல்லை. பேப்பரின் மரண அறிவித்தல் வரைக்கும் வெறுங்கண்ணால் வாசித்து, "பாத்தியா" என்பார். கோயிலில் மூன்றாம் ஞாயிறு பூசைக்குப் பைபிள் வாசகம் இவருடையது. புதன் தொடங்கியே குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்து நடந்து வாசிப்பார். இன்றும் வாசித்தார். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். நன்றாகத்தான் வாசிக்கிறார்.

மூன்று பிழைக் கதையை இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் கொழும்புக்கு நாலு பக்கம் எழுதுவார். எனக்கு அலுத்துவிட்டது. இந்த மனிசன் சரி பிழை பார்த்து எனக்கு முப்பது வருடம் போய்விட்டது.


14 வெள்ளி

எங்கே தொடங்க.

பெரிய விலைமாற்றம். 212 துண்டு. அச்சாகும்போது கரண்ட் போய்ப் போய் வந்தது. தாள் நடுவில் சிக்கிக் கிழிந்தது, திரும்ப அடித்தோம். 8.30க்கு முடிந்தது என்று நினைத்தேன். நெஞ்சு இறுக்கிய மாதிரி இருந்தது, பையைப் பார்த்தால் இன்ஹேலர் இல்லை. குசினி மேசையில் விட்டுவிட்டேன். இவருக்குப் போன் பண்ணினேன்.

இவர் என் கடைக்கு வருவதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு வீட்டைக் கொண்டுபோகக்கூடாது என்பது இவர் சட்டம். ஒரு தரம் நான் முத்திரை வாங்க இவருடைய கவுண்டருக்குப் போனேன், வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது "அடுத்தவர்" என்றார், மிச்சக் காசையும் எண்ணித் தந்தார். வீட்டுக்கு வந்துதான் சிரித்தார்.

பத்து மணிக்கு நனைந்துகொண்டு வந்தார். இன்ஹேலரை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கடைக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று உள்ளே வந்து, அதை என் கையில் தந்துவிட்டு, நாலாம் ராக்கையில் ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட் பக்கெற் எடுத்தார். எனக்குத்தான். தேத்தண்ணிக்குத் தொட்டுச் சாப்பிடப் பிடிக்கும்.

ராக்கையில் 260. பில்லில் 290.

அந்த ஒரு துண்டு பழையது. தாள் கிழிந்த இடமாக இருக்க வேண்டும். என் கைதான், வேறு யார்.

ஷிபானா தன்னுடைய 30 ரூபாயைப் போட்டுச் சரிக்கட்டப் பார்த்தாளாம். இவர் விடுவாரா. பலகையைக் காட்டி, எழுதியிருக்கிறபடி செய்யவேண்டும், எனக்காக இல்லை, நாளைக்கு வருகிற சனத்துக்காக என்றார், பின்னால் எட்டுப்பேர் வரிசையில் நிற்க. ஷிபானா என்னைப் பார்க்கிறாள். நான் இன்ஹேலரை வாயில் வைத்தபடி நிற்கிறேன். இவர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், இந்த ராக்கை உங்கட பொறுப்புத்தானே? வந்து இதக் கொஞ்சம் பாருங்க."

மிஸ். முப்பது வருடம் சோறு போட்டவள் மிஸ்.

படிவம் நிரப்புவது என் வேலை. வாடிக்கையாளர் பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன், என் முகவரி. பொருள், ராக்கை விலை, பில் விலை. பொறுப்பாளர்: என் பெயர். இவர் கையெழுத்துப் போட்டு, நன்றி மிஸ் என்று சொல்லிவிட்டு, பெரிய நியாயம் வென்ற ஆளாய் மழைக்குள் இறங்கிப் போனார்.

பதினொன்றுக்கு மனேஜர் கூப்பிட்டார். குருநாகல் பக்கத்து ஆள், கெட்டவர் இல்லை. முகவரியைக் கண்டுவிட்டார். ஊழியரின் வீட்டாருக்கு இலவசம் இல்லை என்று எங்கள் விதியில் இருக்கிறது, அது வாசல் பலகையில் இல்லை. "அக்கா, நான் நம்புறேன். வீட்டுக்கு பிஸ்கட் கிடைக்க நீங்களே பழைய விலையை விட்டதா கொழும்பு சொல்லும்" என்றார். திங்கள் படிவம் கொழும்புக்குப் போக வேண்டும். அதற்குள் வாடிக்கையாளரே வந்து, தான் பார்த்தது பிழை என்று எழுதிக் காசைக் கட்டினால் ஒன்றும் ஏறாது.

வாடிக்கையாளர்! அந்த வாடிக்கையாளரை எனக்குத் தெரியும். ஒரு நாளும் தன் பிழை என்று எழுதின ஆள் இல்லை.

பின்னேரம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு எழும்பிப்போய்த் தாளும் பேனையும் எடுத்து, "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கினார். எனக்கு விசர் வந்துவிட்டது. உங்கட கடிதத்தால எனக்கு மூச்சு வருமா என்று கத்தினேன். அயலுக்கும் கேட்டிருக்கும். கத்தியதில் இழுத்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "பின்னறையில தூசா?"

"ஓம்."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

கிராக்கர் மேசையில் இருந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.


15 சனி

வெயில் எட்டிப் பார்த்தது. எனக்கு லீவு. நாலு நாள் உடுப்புத் தோய்த்தேன்.

இவர் விடிய முகம் வழித்து, பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டு, சந்திக் கடையிலே தேத்தண்ணி குடித்துவிட்டு வாறன் என்று போனார். பையில் கிராக்கர் இருந்ததை நான் காணவில்லை.

பத்தரைக்கு ஷிபானா போன் பண்ணினாள். அங்கிள் வந்து எழுதிக் கொடுத்துவிட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா என்றாள். போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். தபால் கந்தோர்க் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாய்:

"ராக்கையில் 290 என்றே இருந்தது. என் கண்பார்வை குறைவினால் 260 என்று வாசித்துவிட்டேன். பிழை என்னுடையது. ஊழியர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்."

290ஐக் கட்டி, பில்லும் வாங்கியிருக்கிறார். மனேஜர் கைகுலுக்கினாராம்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை இங்கே எழுதாமல் விட்டால் பொய். நெஞ்சு நிறையக் காற்று வந்தது. இரண்டு வாளி உடுப்பை ஒரே மூச்சில் பிழிந்தேன்.

பன்னிரண்டுக்கு வந்தார். கிராக்கரைத் திரும்பக் கொண்டுவந்து போத்தலில் போட்டார். மத்தியானம் மீன் குழம்பு. உப்புக் கூட. சொல்லாமல் சாப்பிட்டார். உப்புக் கூடியதைச் சொல்லாத நாள் இதுதான் முதல் தரம்.

பின்னேரம் விறாந்தையில் நாளைய வாசகத்தைப் பழகினார். மெதுவாக.


16 ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு. மேகம். வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று.

பூசைக்கு இருபது நிமிடம் முன்பே போனோம். வாசகங்களைப் பங்கிட்டுக் கொடுக்கிற உபதேசியார் வாசலில் நின்றார். இவருடைய தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். எங்கள் கடையில் மரக்கறிப் பக்கம் நிற்கிற அன்ரன் பாட்டுக்குழுவில் இருக்கிறான். கதை கோயிலுக்கு நேற்றே வந்துவிட்டது.

உபதேசியார் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

"கண் ஏலாம இரிக்கு எண்டு கேள்விப்பட்டன், அண்ணன். கஷ்டப்படாதீங்க. இனி வாசகத்த வேற ஆருக்கும் குடுப்பம்."

ஒரு சொல். கண் நல்லாய்த் தெரியும் என்று இவர் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இவர் என்னைப் பார்க்கவில்லை. "ஓம், அது நல்லம்" என்றார்.

வாசகத்தை வாசித்தது ஒரு வங்கிக்காரர். இரண்டு இடத்தில் தடக்குப்பட்டார். இவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, தடக்குப்பட்ட இடங்களில் சரியாய். நான் பீடத்தைப் பார்க்கவில்லை, இவர் உதட்டைத்தான் பார்த்தேன். நற்கருணைக்கும் எழும்பிப் போகவில்லை. போக மனம் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தில், மீன் என்ன விலை போகுதோ என்றார். அவ்வளவுதான்.

பேப்பரை மடித்தபடியே வைத்திருந்தார். மரண அறிவித்தல் வாசிக்கவில்லை.

எனக்கு இன்று இழுப்பு இல்லை. நன்றாக மூச்சு வருகிறது. அதுவே தாங்கவில்லை.


17 திங்கள்

மழை. குடைக்கம்பி இன்னும் கட்டவில்லை.

58 துண்டு. சரியாகப் போட்டேன். கடைசித் துண்டைச் செருகிவிட்டு நேரே மனேஜரிடம்.

வெள்ளிக்கிழமை நாலாம் ராக்கையில் இருந்தது 260தான், பழைய துண்டை மாற்றத் தவறியது நான், வாடிக்கையாளர் வாசித்தது சரி என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். முடிந்த கதையை ஏன் அக்கா கிளப்புறீங்க, பின்னறை என்று தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். அந்த மனிசனுக்குக் கண் நல்லாத் தெரியும், ஊரில குருடு எண்டு கதைக்கினம், அதப் பொறுக்க என்னால ஏலாது என்றேன். வெட்கம்.

வெள்ளிக்கிழமைப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். பொருளுக்குக் காசு கட்டியிருப்பதால் களவுக் கதை வராது, மூன்றாவது பிழை மட்டும்தான் என்றார். எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். கடை முத்திரை குத்திய பிரதி ஒன்று கேட்டேன். எதற்கு என்றார். வீட்டில் ஒருவர் எல்லாவற்றுக்கும் பிரதி கேட்பார் என்றேன். சிரித்துவிட்டுக் குத்தித் தந்தார்.

நாளையிலிருந்து பின்னறை. யன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

செய்ய வேண்டியவை: முகக்கவசம் 2 பெட்டி. புது இன்ஹேலர். எலிக்கு யன்னல் வலை (நானே வாங்கிக் கொடுத்தால் திறக்க விடுவார்களா?). உபதேசியாருக்கு இன்னொரு பிரதி.

ஆறு மணிக்கு வீடு. இவர் குசினியில் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். பிரதியைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கையைத் துடைத்து, விளக்குக்குக் கீழே பிடித்தார். கண்ணாடி எதுவும் இல்லாமல். முதலில் மனதுக்குள் வாசித்தார்.

"திகதி பிழை. இண்டைக்குப் பதினேழு. பதினாறு எண்டு போட்டிரிக்காய்."

பேனையை எடுத்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகத் தன் கையொப்பமும் வைத்தார். பிறகு எழும்பி நின்று உரத்து வாசித்தார், விறாந்தையில் நடந்து பழகுகிற அதே குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. நாலாம் ராக்கையில் இருந்த விலை 260. மாற்றத் தவறியது நான். வாடிக்கையாளர் வாசித்தது சரி.

முடித்துவிட்டு, தாளைக் கொஞ்சம் தாழ்த்தி, கோயிலில் நிற்கிற மாதிரியே நின்றார். வாசகம் முடிய சனம் சொல்கிற பதில் எனக்கு வாய் தவறி வந்துவிட்டது. "இறைவா உமக்கு நன்றி" என்றேன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்ததில் எனக்கு இழுத்தது. இன்ஹேலரை இவர்தான் ஓடிப்போய் எடுத்து வந்தார்.