கண்ணை மூடி எடுத்த அளவு

ஞாயிறு, இரவு.

பைக்கின் முன்பக்க லெக் கார்டு கம்பியில் இன்று காலை நீட்டி வைக்கிற ஹைவே ஃபுட்ரெஸ்ட் மாட்டியாயிற்று. அதிக நேரம் மடக்கினால் என் வலது முட்டி வலிக்கும். ராமேஸ்வரம் போகும் நெடுந்தூரப் பயணத்தில் நீட்டிக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டை மெக்கானிக் பாய் என்னை வண்டிமேல் உட்காரவைத்தார். "கண்ண மூடிகினு கால நீட்டு மாமு. எங்க சொகமா கீதோ, அங்கதான் கிளாம்ப்பு." மூடினேன். பட்டறைச் சுத்தியல் சத்தம் மெல்ல அலைச்சத்தமானது. மனசுக்குள் ராமேஸ்வரம் பாலம்வரை போய்விட்டேன். பாய் என் கால் நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு கிளாம்ப்பை முடுக்கினார்.

சாயங்காலம் மனைவி ஸ்டெல்லாவோடு எண்ணூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் கடல். ரோடே தண்ணீர்மேல் நகர்வது போலிருந்தது. முன்னால் போன கண்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. நீட்டிய கால் உடனே பிரேக்குக்குத் திரும்பி வரவில்லை. கை பிரேக்தான் காப்பாற்றியது. லாரியைத் தொடும் தூரத்தில் நின்றோம். ஸ்டெல்லா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"கண்ண மூடிகினு அளவெடுத்தா இப்டித்தான்யா."

வீட்டுக்கு வந்ததும் அவளே ஸ்பேனரை எடுத்தாள். என் கால் பிரேக்குக்குச் சட்டெனத் திரும்பும் இடமாகப் பார்த்து, கிளாம்ப்பை இறக்கி முடுக்கினாள்.

"இப்ப போலாம் ராமேஸ்வரம்."

படுத்துக் கண்ணை மூடினால், போர்வைக்குள் என் வலது கால் இன்னும் பிரேக்கைத் தேடுகிறது. ஸ்டெல்லா தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் என் சட்டையை விடவில்லை.