வாசலில் மூன்று பெட்டிகள்

9 ஆகஸ்ட் 2021, திங்கள்

மத்திய அரசின் பெருந்தொற்று நிவாரண மானியம் மிசிசிப்பியின் இந்த மூலைக்கும் வரப்போகிறதாம். சர்ச்சில் கூட்டம். ஒருவருக்குப் பூங்கா வேண்டும், ஒருவருக்குத் தெருவிளக்கு. தனியாக இருப்பவர்களை வாராவாரம் நேரில் போய்ப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் போடுங்கள் என்றேன். விண்ணப்பம் எழுதும் வெர்டெல் விடவில்லை. "ஊரடங்குல வீடு வீடா சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோனவ நீதானேடி? ஏன் வேணும்னு நீயே எழுதிக் குடு. சும்மா அளக்காத, நடந்தது ஒண்ண எழுது."

நடந்தது. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

10 ஆகஸ்ட்

எழுதவில்லை.

12 ஆகஸ்ட், வியாழன்

இன்றும், தனியாக இருந்த கிளியோஃபஸின் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றித்தான் போனேன்.

போன வருடம் ஏப்ரலில் எங்களுக்குச் சொன்ன விதி: பெட்டியை வை, கதவைத் தட்டு, நிற்காமல் போ. வைத்தேன். அடுத்த வியாழன் கிளியோஃபஸ் வாசலில் பழைய பெட்டி அப்படியே இருந்தது. அதன்மேல் இரண்டாவதை வைத்தேன். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, அதில் யாரோ கைதட்டினார்கள். மனுஷனுக்கு டின் பட்டாணி பிடிக்கவில்லை போல என்று சிரித்துக்கொண்டேன். சிரித்தேன்!

நான்காம் வாரம் நாற்றம். போலீசுக்குப் போன் செய்தேன். அதற்கு முன்னால் — எழுதிவிடு — மூன்று பெட்டிகளையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

முதல் பெட்டி வைத்தபோது உயிரோடு இருந்தாரா? நான் தட்டியது கேட்டதா?

15 ஆகஸ்ட், ஞாயிறு

பாட்டு முடிந்ததும் சர்ச்சில் எல்லாரும் கைதட்டினார்கள். தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். கிளியோஃபஸின் தங்கை மிஸ் எர்லீன் பின்னாலேயே வந்து, வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னாலதான்டி எங்கண்ணன் பசியோட போகல."

இவரிடம் எப்படிச் சொல்வேன்?

18 ஆகஸ்ட், புதன்

எழுதியதை மிஸ் எர்லீனிடமே வாசித்துக் காட்டினேன். காராமணி உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப அவன் எதையுமே தொடலையா?"

"இல்ல, மிஸ் எர்லீன்."

"பெட்டிய ஏன்டி எடுத்த?"

"பயந்துட்டேன்."

காராமணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அவன் பேர மறைக்காம அப்படியே குடு. இப்ப எந்திரிச்சுப் போ."

7 மார்ச் 2022, திங்கள்

மானியம் வந்து, என்னையும் சேர்த்து ஆறு பேருக்கு வேலை. இப்போது விதி வேறு: ஆளைப் பார்க்காமல் வாசலை விட்டு நகரக்கூடாது. என் பட்டியலில் முதல் பெயர் மிஸ் எர்லீன். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

தட்டினேன். உள்ளே டி.வி.யில் கைதட்டல். மறுபடி தட்டினேன். இருபது நிமிடம் நின்றேன்.

டி.வி. நின்றது. ஜன்னல் திரை விலகி அவர் முகம் தெரிந்தது.

"உசிரோடதான் இருக்கேன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.