அவர் பேரில் பன்னிரண்டு பயிற்சிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் சிவப்பு. மூன்றாவது பயிற்சியிலேயே நிற்கிறேன்.

மருத்துவமனை முன்பதிவுக்கு ஒரு ஏபிஐ. நோயாளி கைப்பேசியில் "நாளை பத்து மணிக்கு டாக்டர் இருக்கிறாரா" என்று கேட்டால், பின்னாலிருந்து பதில் சொல்லும் நிரல். கண்ணுக்குத் தெரியாத வரவேற்பு மேசை என்று வைத்துக்கொள்ளலாம். நிஜ மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்தவள் நான். மகள் பிறந்தபோது எழுந்தேன். ஒன்பது வருடமாகிறது, திரும்ப உட்காரவில்லை.

வகுப்பில் ஒரே விதிதான். முதலில் சோதனையை எழுது, அது தோற்றுச் சிவப்பு வரட்டும், பிறகு அதைப் பச்சையாக்கும் அளவுக்கு மட்டும் நிரல் எழுது. இல்லாத நோயாளியைக் கேட்டால் "இல்லை" என்று சொல்ல வேண்டும். என்னுடையது வெற்றுத்தாளை நீட்டிவிட்டு எல்லாம் சரி என்கிறது. மேசையில் நான் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மார்ச் 5

பச்சை. ஒரு அடைப்புக்குறி இடம் மாறியிருந்தது. அதற்கு ஒன்றரை நாள்.

மார்ச் 11

கணவர் பின்னால் வந்து நின்றார். மென்பொருளில் பத்து வருடம் குப்பை கொட்டியவர். தன் பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்தபோது, "எல்லாம் செட் பண்ணி வச்சிருக்கேன், நீ எதையும் நோண்டாதே" என்றவர்.

இரண்டு நிமிடம் பார்த்தார். "நகரு, நான் போடுறேன்."

போட்டார். பச்சை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் நான் கைகட்டி நின்றேன்.

அவர் போனதும் அத்தனையையும் அழித்துவிட்டு நானே எழுதினேன். மூன்று மணி நேரம் பிடித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை.

மார்ச் 19

காய் நறுக்கும்போது தோன்றியது. இரண்டு பேர் ஒரே நொடியில் பத்தரை மணியைக் கேட்டால்? மேசையில் இதற்காக எத்தனை திட்டு வாங்கியிருப்பேன். ஒருவர் ஃபைலை என் முகத்துக்கு நேரே வீசினார். பாடத்தில் இந்தச் சோதனை இல்லை. நானே எழுதினேன்.

சிவப்பு. இருவருக்கும் பத்தரையைக் கொடுத்துவிட்டது. மேசையில் அன்று நான் செய்ததைத்தான் இதுவும் செய்கிறது.

மார்ச் 21

பச்சை. ஒருவருக்குப் பத்தரை. இன்னொருவருக்கு, "அந்த நேரம் போய்விட்டது."

பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். திரையை இரண்டு முறை படித்தார். "மேடம், இது எனக்கே தோணல. வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிக்கு அனுப்புற பட்டியல்ல உங்களோடத முதல்ல வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "பச்சை வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். வந்துச்சுடி தங்கம்.

ஏப்ரல் 2

பன்னிரண்டும் முடிந்தன. அனுப்பியாயிற்று. கம்பெனியில் ஒரே ஒரு இடம்தானாம். எனக்கு வேண்டும். வேறு எதையும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

ஏப்ரல் 9, புதன்

பயிற்சியாளர் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "மேடம், கம்பெனிக்காரங்க உங்க சார்கிட்ட பேசிட்டாங்களாமே?"

நிரலைப் பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும், யார் செய்தது என்று ஒரு பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்து பதிவாகும். மடிக்கணினியில் அவர் செட் பண்ணி வைத்திருந்தது தன் பெயரை. நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள், அத்தனையும் அவர் பேரில். பால் பொங்கிய அன்றைக்குச் செய்ததும்கூட. நான் ஏன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை? நோண்டாதே என்றார், நோண்டவில்லை. என்னைச் சொல்லணும்.

அந்த ஒரே நேரச் சோதனையை எழுதியவரைச் சந்திக்க வேண்டும் என்று கம்பெனி, பதிவுகளில் இருந்த அவர் முகவரிக்கு எழுதியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை. ஐந்து நாளாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"உனக்காகப் பேசத்தான் போனேன். என் அனுபவத்தைக் கேட்டாங்க, சொன்னேன்."

"யாரு எழுதினதுன்னு கேட்டாங்களா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணோம்னு சொன்னேன். யார் பேர்ல இருந்தா என்ன, ஒரே வீடுதானே."

ஒரே வீடுதான். அதுவும் அவர் பேரில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 11

கம்பெனிக்கு நானே எழுதினேன். இரண்டு வரியில் பதில். குடும்ப விஷயத்தில் தலையிட விரும்பவில்லையாம். பதிவுகளில் என் பெயர் எங்கும் இல்லையாம்.

ஏப்ரல் 28, திங்கள்

அந்தக் கம்பெனியில் அவர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். புதுச் சட்டை. அதற்கு இஸ்திரி போட்டது யார்? நான்தான். கை அதுபாட்டுக்குப் போட்டது.

மே 6, செவ்வாய்

மாலை நான்கு மணிக்கு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "அந்த ஒரே நேரம் விஷயம்... எப்படித் தடுத்தே? இங்க எல்லாரும் என்னைக் கேக்குறாங்க."

"முதல்ல சோதனை எழுதுங்க. சிவப்பு வரட்டும்."

"விளையாடாதே. சீக்கிரம் சொல்லு, பக்கத்துல நிக்கிறாங்க."

"வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

பொய் இல்லை. காலையில்தான் மடிக்கணினியை நோண்டி அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். பெயருக்கு ஒரு வரி, மின்னஞ்சலுக்கு ஒரு வரி. அவ்வளவுதான் வேலை. பிறகு வெற்றுக் கோப்பைத் திறந்து முதல் பயிற்சியிலிருந்து தொடங்கினேன்.

கோடை வகுப்பிலிருந்து வந்த மகள் புத்தகப்பையோடு எட்டிப் பார்த்தாள். "இன்னும் சிவப்பாம்மா?"

சிவப்புதான். அப்படியே பதிவு செய்தேன், என் பேரில்.