பனிமூட்டத்துக்கு முன்னே வந்துவிடு

டூட்டிங், லண்டன்,
வெள்ளிக்கிழமை

என் குஞ்சு கஜந்தினிக்கு,

நீயும் மருமகன் தர்சிகனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாய் இருக்க நல்லூரான் துணை நிற்கவேண்டும். எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறை இல்லை. அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்தும் கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறது. போனில் என்றால் நீ ஓம் அம்மா பிறகு கதைப்பம் என்று வைத்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பாராதே.

செவ்வாய்க்கிழமை ஜெர்சித் தீவில் உனக்கு ஸ்கான் பிடிக்கப் பிடிக்க, படம் அப்படியே லண்டன் பெரியாஸ்பத்திரிக்கு வரும், இங்கே இருக்கிற இதய டொக்டர் பார்த்துச் சொல்லுவா என்றாய். எனக்கு விளங்கினது, பிள்ளையின் படம் வருகிற இடத்தில் எங்கள் ஆள் ஒருத்தரும் இல்லை என்பதுதான். சொந்தத்தில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருக்க நாங்கள் வீட்டில் இருந்த ஆட்களா? இடியப்பம் அவித்து, சொதியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வரவேற்பில் இருந்த பெட்டைக்கு நான் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை, உன் பெயரை எழுதிக் காட்டினேன். அங்கே துப்புரவு வேலை செய்கிற றோஸ்மலர், எங்கள் ஊர்ப் பக்கம் மானிப்பாய் ஆள், வந்து இரண்டு பக்கமும் கதைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். டொக்டர் இண்டைக்கு இங்கை வரவே இல்லையாம், தன்ரை வீட்டிலை இருந்துதான் படம் பாக்கிறாவாம், நீங்கள் ஆருக்கு அம்மா இடியப்பம் கொண்டந்தனீங்கள் என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருமாய் இருந்து சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு, சொதிக்கு உப்புக் காணாது என்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உன் போன் வந்தது. இதயத்திலிருந்து வெளிக்கிடுகிற பெரிய இரத்தக் குழாய் இரண்டும் இடம் மாறி இருக்குதாம், வயிற்றுக்குள் இருக்குமட்டும் ஒன்றும் செய்யாதாம், பிறந்த பிறகுதான் பிள்ளை நீலமாகுமாம், லண்டனில் பெற்றால் உடனே மருந்து ஏற்றி ஒப்பரேசன் செய்யலாமாம், அநேகமான பிள்ளைகள் தப்பிவிடுமாம். இவ்வளவும் சொல்லிப்போட்டு, நாள் கிட்ட வரட்டும் அம்மா, அப்ப பிளேன் எடுப்பம், தர்சிகனுக்கு இப்ப லீவு இல்லை என்றாய்.

உனக்கு முன் ஒரு அண்ணை பிறந்து செத்தது உனக்குத் தெரியும், எப்படி என்று நீ கேட்டதில்லை. ஊரில் ஷெல் விழுந்த நேரம். பிறக்கும்போது நல்ல நிறை, நல்ல சத்தமாய் அழுதான். அடுத்த நாள் பால் குடிக்கவே களைத்தான், சொண்டு நாவற்பழம் தின்றதுபோல் ஆனது. மருத்துவிச்சி குளிர் என்றாள், நான் சேலையால் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தேன். அப்பா சைக்கிளில் போய் டொக்டரை ஏற்றிக்கொண்டு வரும்போது பிள்ளை இல்லை. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியாதபடியால் பெயரும் வைக்கவில்லை. என்ன வருத்தம், என்ன நோய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அதனால் சொல்கிறேன் குஞ்சு, நாள் கிட்ட வருமட்டும் நிற்காதே. உங்கள் தீவில் பனி மூடினால் பிளேன் எழும்பாது என்று நீயே சொன்னாய். எப்போது வரலாம் என்று டொக்டரைக் கேட்டு, அவ சொல்லுகிற நாளுக்கும் முந்தி வா. தர்சிகன் லீவு கிடைக்கும்போது வரட்டும், கோவித்தால் மாமி சொன்னவ என்று சொல்லு. முன் அறையை ஒழித்துவிட்டேன். பாரம் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்ல சுகத்தோடு என் கைக்கு வந்து சேர வேண்டும். டிக்கெட் போட்டவுடன் எனக்குச் சொல்ல மறவாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாம்பிகை

பி.கு: அப்பா இருந்தால் அவரைக் கேட்டிருப்பேன், இப்போது உன்னைத்தான் கேட்கவேண்டிக் கிடக்கு. உன் அண்ணைக்கும் இதே வருத்தம்தானோ பிள்ளை, இல்லை நான் சுற்றின சேலைதான் இறுக்கிப்போட்டுதோ?