யாகேலாக நான், சிசெராவாக உன் அப்பா

மண்ணரை, திருப்பூர்
ஞாயிறு மத்தியானம்

கர்த்தருக்குள் என் பிரியமான ஆஷாவுக்கு அம்மா எழுதுவது. அவர் கிருபையால் இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். நம் தெரு பரணிக்கு உன் கம்பெனியிலேயே லைன் சூப்பர்வைசர் வேலை கிடைத்து இந்த வாரம் ஜோர்டானுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் முறுக்கும் கருப்பட்டியும் கொடுத்துவிடுகிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா நடுவில் பிடுங்கித் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். செத்துப்போனவருக்கு இவ்வளவு பேச்சு ஆகாது. ஆமாம் கண்ணு, சபை வாலிபர்கள் எடுத்த படத்தில் உன் அப்பாவை நான்தான் கொன்றேன், அதை முதலிலிருந்து சொல்கிறேன் கேள்.

வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்கு ஏதாவது வெளிநாட்டுப் படத்தைத் தமிழில் பேசவைத்துத் திரையில் போடுவார்கள், உனக்குத் தெரியும். இந்த வருஷம் நாமே எடுக்கலாம் என்று நம் அருள்குமார் கிளம்பினான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் துணிகளைப் போட்டோ எடுக்கிறவன், கேமரா சொந்தமாக வைத்திருக்கிறான். வேதத்திலேயே நல்ல சண்டைக் கதையாகத் தேடி யாகேல் கதையைப் பிடித்தான். போரில் தோற்ற சிசெரா என்ற படைத்தலைவன் ஓடிவந்து யாகேலின் கூடாரத்தில் ஒளிகிறான், தண்ணீர் கேட்டவனுக்கு அவள் பால் கொடுத்துப் போர்வையால் மூடிவிட்டு, அவன் அயர்ந்து தூங்கும்போது கூடார முளையை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்துவிடுகிறாள், அந்தக் கதை. யாகேலாக முதலில் நம் சபைப் பெண் பிரியங்காவைத்தான் போட்டார்கள், அவளுக்குச் சுத்தியலைத் தூக்கினாலே சிரிப்பு வந்துவிடுகிறது. அருள்குமார் என்னிடம் வந்து, "அக்கா, உங்க கையப் பாத்தா நெசமாவே முளை அடிக்கிற கையாட்டம் இருக்குதுங்க, நீங்களே வந்துருங்க" என்றான். புகழ்ச்சியா இல்லையா என்று தெரியவில்லை, சரி என்றுவிட்டேன். சிசெராவுக்கு எங்கே சொன்னாலும் படுத்துத் தூங்குகிற ஆள் வேண்டும் என்றார்கள். சபையில் அத்தனை பேரும் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தார்கள்.

படம் எடுத்தது பொங்கலூரில் வேலாத்தாள் என்பவருடைய தோட்டத்தில். அவர் நம் சபை இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர், அருள்குமார் வீட்டுக்குப் பழக்கம். முதல் நாள் கூடாரம் என்று இவர்கள் கொண்டுவந்தது மஞ்சளும் சிவப்புமாகச் சாமியானா, ஓரத்தில் பந்தல் கடையின் போன் நம்பர் வேறு. நான் உடனே நீ அனுப்பின போட்டோவைக் காட்டினேன், அந்த ஊர் மேய்ப்பர்கள் வெள்ளாட்டு மயிரில் நெய்து போட்டிருந்த கறுப்புக் கூடாரம். அதை அடிப்பதும் பிரிப்பதும் பெண்கள் வேலை என்று நீ சொல்லியிருந்ததையும் சொன்னேன். "அதானா, யாகேலுக்கு அவ்வளவு லாவகமா அடிக்க வந்திருக்குது" என்று பையன்களுக்கு ஒரே உற்சாகம். ஆட்டு மயிருக்கு எங்கே போவது, கறுப்பில் கழித்துப் போட்ட பனியன் துணிகளை ஒட்டுத் தைத்தோம். தூரத்தில் பார்க்க அசலாகத்தான் இருந்தது. காற்றடித்ததும் பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் நீண்டு, நடுவில் தொங்கி, கடைசியில் உன் அப்பா மேலேயே படுத்துக்கொண்டது, அவர் அதற்கும் எழுந்திருக்கவில்லை. ரத்தத்துக்குச் சாயப்பட்டறையிலிருந்து சிவப்பு வாங்கி வந்திருந்தார்கள். அது எப்படிப்பட்ட நல்ல சாயம் என்று பிறகுதான் தெரிந்தது, அப்பா ஒரு காது சிவப்பாகவே ரொம்ப நாள் வேலைக்குப் போனார். கம்பெனியில் வடக்கத்திப் பையன்கள், அக்கா அடித்துவிட்டார்களா என்று இந்தியில் விசாரித்தார்களாம், இவரும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

இனிமேல்தான் சண்டை. அருள்குமார் எழுதியிருந்த காட்சியில் சிசெரா பாதியில் விழித்துக்கொள்கிறான், என் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான், நான் தவித்துச் சுத்தியலை எட்டி எடுத்து அடிக்கிறேன், ரத்தம் பீறிட்டு மூன்று பக்கம் தெறிக்கிறது. வேதத்தில் அவன் தூங்குகிறானே தம்பி என்றேன். "தூங்குறவனக் கொன்னா ஜனங்க கை தட்டமாட்டாங்கக்கா, அவன் மொதல்ல கை வெச்சாத்தான் உங்க மேல பரிதாபம் வரும். எல்லாப் படத்துலயும் அப்படித்தானுங்க" என்றான். அடுத்த அதிகாரத்து வெற்றிப் பாட்டில் அவன் அவள் காலடியில் விழுந்தான் என்று வருகிறதே, படுத்திருக்கிறவன் எப்படி விழுவான், அப்படியானால் நின்றுகொண்டுதானே இருந்திருப்பான் என்றும் மடக்கினான். பால் கொடுத்துத் தூங்கவைத்து ஒருத்தனைக் கொல்வதை நடிக்க எனக்கு மட்டும் ஆசையா, ஆனால் செய்தவள் செய்தாள், அவன் கழுத்தைப் பிடித்தான் என்று இல்லாத பழியைச் செத்தவன் தலையில் நாம் ஏன் வைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அப்படி எடுத்தால் நான் வரவில்லை என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டேன். அப்பா பின்னாலேயே ஓடிவந்து, "ஏளா, எம் மண்டைய ஒடைக்கத்தான கூப்பிட்டாவ, அதுக்கு ஏன் இம்புட்டுக் கோவம்" என்றார்.

போதகர் ஐயாவிடம் பஞ்சாயத்துப் போனது. அவர் சிரித்துவிட்டார். "நடந்ததை வரிசையாச் சொல்லுதது ஒரு மாதிரி, ஜெயிச்சவங்க கூடி நின்னு பாடுதது ஒரு மாதிரி. பாட்டுல விழுந்தான் விழுந்தான்னு திரும்பத் திரும்ப வரும், கேக்கவனுக்கு ரத்தம் சூடாகணும்லா. எதை எடுக்கணும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ரெண்டுலயும் அவன் அவளத் தொடவே இல்ல" என்றார். அருள்குமார் தலையைச் சொறிந்துவிட்டு, "சரிங்க, தூங்கட்டும்" என்றான். ரத்தம் மட்டும் ஒரே ஒரு தடவை காட்டுவேன் என்று பேரம் பேசினான், நானும் இறங்கிவந்தேன்.

மறுபடியும் போனோம். சுத்தியல் விழுவது மணல் மூட்டை மேல்தான், அப்பா தலை அந்தப் பக்கம் இருந்தது, கேமராவில் ஒன்றாகத் தெரியும், பயப்படாதே. முளையை வைத்துக் கையைத் தூக்கினேன். உன் அப்பா நிஜமாகவே தூங்கிவிட்டார், அந்தக் குறட்டை உனக்குத் தெரியுமே. எனக்குக் கை இறங்கவில்லை ஆஷா. எவ்வளவு நேரம் நின்றேனோ, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். அருள்குமார் அந்த நின்றதையும் படத்தில் விட்டுவிட்டான். அவள் தயங்கினாள் என்று வேதத்தில் ஒரு வார்த்தை இல்லை, இருக்கிறபடி எடு என்று சண்டை போட்ட நானே இல்லாததைச் சேர்த்துவிட்டேன். அதை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நீ பார்த்துவிட்டுச் சொல்.

எல்லாரும் கை தட்டி அப்பாவை எழுப்பிக்கொண்டிருந்தோம், வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேலாத்தாள் அக்கா கேட்டார், "ஏனுங்க, செத்துப்போனவனுக்கு ஆத்தா இல்லீங்களா? பையன் ஊடு வந்து சேரலீன்னா தேடமாட்டாளுங்களா?" அருள்குமார் போனில் வேதத்தைத் திறந்து தேடினான். அந்தப் பாட்டின் கடைசியிலேயே இருக்கிறாள் கண்ணு, எத்தனை தடவை வாசித்திருக்கிறேன், நின்றதே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்து, மகனுடைய ரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று அழுகிறாள், கூட இருக்கிற பெண்கள் அவன் கொள்ளையில் கிடைத்த சாயத்துணியும் பூவேலைத் துணியும் பங்கு போட்டுக்கொண்டிருப்பான் என்று தேற்றுகிறார்கள். இதை வேலாத்தாள் அக்காவிடம் சொன்னதும், "சாயத்துணி, எம்பிராய்டரித் துணியுங்களா? அப்ப அவன் நேரா திருப்பூருக்குத்தானுங்க வந்திருப்பான்" என்றார். சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

ஆனால் அவரையே அந்தத் தாயாக ஜன்னலில் நிற்கச் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் வீட்டு இரும்புக் கம்பி தெரியாமல் மூங்கில் தட்டி கட்டினோம். மூக்குத்தியைக் கழற்றமாட்டேன் என்றார், அந்தக் காலத்து அம்மாக்கள் போட்டிருந்தார்களா என்று யாருக்குத் தெரியும், இருக்கட்டும் என்றான் அருள்குமார். அவர் மகன் லாரி ஓட்டுகிறவன், வடக்கே போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. வசனம் ஒன்றும் இல்லை, ரோட்டைப் பார்த்தபடி நின்றார். எடுத்து முடித்துக் கேமராவை அணைத்த பிறகும் திரும்பவில்லை.

ஆண்டு விழா அன்று இடம் இல்லாமல் மதில் மேலெல்லாம் ஜனம். நான் சுத்தியலைத் தூக்கினதும் விசில், கூடாரம் குலுங்கினதும் கை தட்டல், அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, செத்ததற்கு எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்து அந்த ஜன்னல் வந்தது. விசில் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள். எனக்குப் போன வருஷம் நீ இருக்கிற ஊர் வானத்தில் ஏவுகணை போகிறது என்று டிவியில் காட்டினார்களே, உன் போன் கிடைக்காமல் இருந்ததே, அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. உன்னிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை, மொட்டை மாடியில் போய் நின்றேன், இங்கிருந்து என்ன தெரியும், ஆனாலும் நின்றேன். எதிரியின் அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று படம் முடிந்ததும் ஒரு பெரியவர் கோபப்பட்டார், போதகர் ஐயா, "நான் சேக்கலய்யா, வேதத்துலயே நிக்கா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெரியவரும் பிறகு வேலாத்தாள் அக்காவிடம் போய் நல்லா செஞ்சீங்கம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இப்போது பல்லடத்துச் சபையிலும் போட வேண்டுமாம், வேலாத்தாள் அக்கா புதுச் சேலை எடுத்துவிட்டார்.

வேறு என்ன, இரவு வேலை முடிந்து தனியாக நடக்காதே, கம்பெனி வண்டியிலேயே வா. முறுக்கை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீ வெறும் பையை வைத்துக்கொண்டு நிற்காதே. பரணிக்குப் புது ஊர், முதல் வாரம் அவனுக்கும் சேர்த்துச் சமைத்துப் போடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே வானத்தில் எது பறந்தாலும், ரோட்டில் எது நடந்தாலும், பெரிதாக எழுத நேரம் இல்லை என்றாலும், "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பிவிடு அம்மா, எங்களுக்கு அது போதும்.

உன் அப்பா சகாயராஜின் முத்தங்களோடும்,
என் ஜெபத்தோடும்,
அம்மா.