ஜெப்சி செய்த நட்சத்திரச் சக்கரம்

பிப்ரவரி 18
ஜெப்சி போய் இன்றைக்கு இருபது நாள். மகளின் பள்ளிக்கூடப் பையை இன்றுதான் திறந்தேன். நட்சத்திரம் பார்க்க அவள் அட்டையில் செய்த சக்கரம் மேலேயே இருந்தது. தேதியையும் மணியையும் சேர்த்து வைத்தால் அந்நேரம் வானத்தில் நிற்கிற வெள்ளியெல்லாம் மேல் அட்டையில் வெட்டிய ஓட்டைக்குள் தெரியும். நடுவில் என் பழைய ஜாக்கெட்டின் பிரஸ் பட்டன். ஜனவரி 12, எட்டு மணியில் நிற்கிறது. அவள் கை வைத்தது. அப்படியே மூடிவிட்டேன்.

பிப்ரவரி 19
எழுதாமல் இருக்க முடியவில்லை. அவள் செய்து காட்டிய அன்றைக்குச் சக்கரத்தைத் தரையில் வைத்து, வடக்கை வடக்கே திருப்பினேன். கிழக்கு என்று எழுதியது மேற்கே போய் நின்றது.
"கடல்காரன் மகளுக்குக் கிழக்கு மேற்கு தெரியல! இதுக்கா ஒரு மாசமா வெட்டி ஒட்டுன?" என்று சிரித்தேன்.
பக்கத்து வீட்டு மலிகா அக்காவும் சேர்ந்து சிரித்தது.
"தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுப் பாருங்கம்மா" என்றாள் ஜெப்சி. நான் மீன் அலசப் போய்விட்டேன்.
"மே மாசம், தெக்க சிலுவை மாதிரி நாலு நட்சத்திரமா நிக்குமே, அந்தக் குருசு வெள்ளி சாயங்காலமே வந்துரும். அப்பக் காட்டுறேன்" என்றாள். அதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.
தப்பாகவே இருக்கட்டும். நான் ஏன் சிரிச்சேன்?

மார்ச் 9
தவக்காலம். கோயிலுக்குப் போகவில்லை.

மே 1
மீன்பிடித் தடைக்காலம். போட் கரையில்; ஜெப்சி அப்பா வீட்டில் இருக்கிறார். இருட்டினதும் கரண்ட் போனது. அவர் சக்கரத்தோடு வாசலில் மல்லாந்து படுத்தார்.
"அதத் திருப்பாதீங்க!" ஓடினேன்.
"திருப்பல. இங்கன வந்து படு."
முகத்துக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வடக்கு வடக்கே. கிழக்கு — கிழக்கே.
"பிள்ள சரியாத்தான் போட்டிருக்கு. இது கடல் படம் மாதிரி குனிஞ்சு பாக்குறது இல்ல, பிரெசில்லா. அண்ணாந்து பாக்குறது."
ஒரு நிமிசம். ஒரு நிமிசம் தூக்கிப் பிடிச்சிருந்தா என்ன?
"சனவரியிலயே வச்சிருந்தா அவ சொன்ன குருசு வெள்ளி எப்படித் தெரியும்?" என்றார். பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 14
இன்றோடு தடை முடிகிறது. அவர் ஐஸ் ஏற்றப் போயிருக்கிறார்.
ஜனவரி 12-க்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு இன்றைய தேதிக்கு, ராத்திரி எட்டு மணிக்குத் திருப்பினேன். பட்டன் கொஞ்சம் இறுகியிருந்தது.
தெற்கே, கடலுக்கு மேலே, அவள் வரைந்த இடத்திலேயே குருசு வெள்ளி நின்றது.
மலிகா அக்காவைக் கூப்பிட்டேன். அது சக்கரத்தை வாங்கித் தரையில் வைக்கக் குனிந்தது.
"கீழ வைக்காதீங்கக்கா. தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க."
பிடித்தது. வெகுநேரம் பார்த்தது.
"அப்ப பிள்ள தப்பாப் போடலையா?"
"இல்லக்கா. நாந்தான் கீழ வச்சுப் பாத்தேன்."