பாக்கியம் கொண்டுவந்த பேடு

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்களும் பாதி நேரம் காது கேளாதவர் மாதிரி பேப்பருக்குள் தலையை வைத்துக்கொண்டு இருந்தீர்கள். இந்த முறை நான் சொல்லி முடிக்கும்வரை எழும்பிப் போக உங்களால் முடியாது.

உங்கள் தங்கச்சி பாக்கியம் வந்துவிட்டாள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, பந்தலைக் கழற்றி, வந்த சனமெல்லாம் போய், வீடு ஓய்ந்து கிடந்தது. ஒருநாள் காலமை போன் எடுத்தாள். "மச்சாள், அண்ணை சொன்னவர்தானே, நான் வாற கிழமை வாறன். அந்தப் பின்னறை எனக்குக் காணும்" என்றாள். அண்ணை என்ன சொன்னார், எப்போது சொன்னார்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய் தன்பாட்டில் "ஓம்" என்றது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்களுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தவள் நான். என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், பார்க்க வந்த தங்கச்சிக்கு அறையை வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். யாருடைய அறை? என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீட்டின் அறை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்றால் இதுதான். கேட்டால் மாட்டேன் என்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

அவளுடைய நிலைமை தெரியாதவள் இல்லை நான். தெல்லிப்பழைப் பக்கம் அவளுக்கென்று இருந்த சீதன வீடு சண்டைக் காலத்தில் ஆமிக்காரரின் வேலிக்குள் போனது. வந்த சம்பந்தங்களும் அதோடு போயின. காணியைத் திரும்ப விட்டபோது நாங்களும் போய்ப் பார்த்தோமே, அத்திவாரக் கல்லும் இல்லை. பிறகு வாடகை வீடு, அதை விட்டால் இன்னொரு வாடகை வீடு. கடைசியாக இருந்த வீட்டையும் விற்கப் போகிறோம் என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். பாவம்தான். ஆனால் பாவம் வேறு, என் வீட்டு அறை வேறு.

ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு சூட்கேஸ், ஒரு உரப்பை. பையில் ஓட்டை போட்டிருந்தது. அதற்குள்ளால் ஒரு கோழித் தலை வெளியே நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. சிவப்புப் பேடு, நல்ல வடிவான பேடுதான்.

"மற்றதுகளை அயலிலை குடுத்திட்டன் மச்சாள். இது என்ரை கையாலைதான் தின்னும். விட்டிட்டு வர மனம் வரேல்லை."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அறைக்கு ஆள், கூட்டுக்குக் கோழி. எல்லாம் என்னைக் கேளாமல்.

புதுக்கோழி வாங்கினால் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீட்டுக்காரர் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள், பழைய கோழிகளோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்டு. பாக்கியத்துக்கு நான் வாயே திறக்கவில்லை. அவள் பேட்டைக் கொண்டுபோய் மத்தியான வெயிலில், நான் தீன் போடுகிற இடத்தில், என் கோழிகளுக்கு நடுவில் இறக்கிவிட்டாள். நான் குசினி யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது விதானையார். ஊர் அதிகாரி மாதிரி எடுப்பு என்று நீங்கள் பெயர் வைத்த அதே கறுப்புக் கோழிதான். அவளுடைய அனுமதி இல்லாமல் ஒரு காகமும் வளவுக்குள் இறங்கக்கூடாது. வந்து ஒரு கொத்துப் போட்டாள், மற்றதுகளும் சேர்ந்து பாய அது போதும். பேடு ஓடிப்போய் வேலி மூலைக்குள் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. அதற்குத் திருப்பிக் கொத்தத் தெரியவில்லை. கொண்டையில் இரத்தம் வந்துவிட்டது. கோழிகள் இரத்தத்தைக் கண்டால் விடுமா? பாக்கியம் நடுவில் போய் விழுந்து, கையை வீசிக்கொண்டு அழுதாள். தலை நரைத்த மனிசி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

அப்போதுதான் இறங்கிப் போனேன். அவளுக்காக என்று நினைக்க வேண்டாம். என் முற்றத்தில் ஒரு கோழி கொத்துப்பட்டுச் செத்தது என்றால் எனக்குத்தான் மரியாதை இல்லை.

"அட கோதாரி! ஆரும் புதுக்கோழியை நட்டநடு முற்றத்திலை விடுவினமே? தூக்கும் அதை!"

"எனக்குத் தெரியாது மச்சாள். நான் எப்பவும் குஞ்சிலையிருந்து ஒண்டா வளர்த்தனான்."

"தெரியாட்டில் கேக்கிறதுதானே? வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையே?"

கேட்கக்கூடிய மாதிரியா நான் முகத்தை வைத்திருந்தேன்?

காயத்துக்கு மஞ்சளைப் பூசி, சிவப்புத் தெரியாமல் மேலே அடுப்புக்கரியையும் அப்பினேன். பேட்டை, இடைவெளி விட்டுப் பின்னின கரப்புக் கூடையால் மூடி முற்றத்திலேயே வைத்தோம். மற்றதுகள் அதைப் பார்க்கலாம், கொத்த முடியாது. தீனையும் கரப்பைச் சுற்றியே போட்டேன். உள்ளே அது தின்ன, வெளியே இதுகள் தின்ன, முகம் பழகும். விதானையாரைப் பிடித்து ஆட்டுக்கொட்டிலில் தனியாக அடைத்தேன். சண்டித்தனம் செய்தவளைத்தான் அடைக்க வேண்டும். சில நாள் கழித்து வெளியே வரும்போது அவளுக்கும் பழைய எடுப்பு இருக்காது.

பாக்கியம் கதிரையைக் கரப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருப்பாள். வீட்டுக்குள் அவள் கதிரையில் இருந்து நான் காணவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்கள் சாப்பிடுங்கோ மச்சாள், நான் பிறகு" என்பாள். சவர்க்காரத்தைக்கூடக் கிணற்றடியில் விடாமல் ஒரு பைக்குள் போட்டு அறைக்குக் கொண்டுபோவாள். சூட்கேஸில் இருந்த உடுப்பை அலுமாரியில் வைக்கவில்லை. எல்லாம் கண்டேன். வையும் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேட்டின் காயம் காய்ந்தது. ஒருநாள் பொழுதுபடுகிற நேரம், மற்றதுகள் கூட்டில் ஏறி அடங்கின பிறகு, அதைத் தூக்கிக் கம்பில் அதுகளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். விடிய எழும்பும்போது பக்கத்தில் கிடக்கிறதைக் கோழி பெரிதாக எடுக்காது. அப்படியும் இரண்டு கொத்து விழுந்தது. பேடு அதை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்று தின்றது. பிறகு விதானையாரைத் திறந்துவிட்டோம். அவள் ஒருக்கால் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனாள். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் லண்டனிலிருந்து மகன் எடுத்தான். "அம்மா, மாமி எத்தினை நாளைக்கு நிக்கப் போறா?" என்று கேட்டான்.

"உன்ரை கொப்பரைக் கேள். அவர்தான் அறை குடுத்தவர். என்னை ஆர் கேட்டது? இது என்ன சத்திரமே?"

என் குரல் உங்களுக்குத் தெரியும்தானே, ஒழுங்கை முடக்குவரைக்கும் கேட்கும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பாக்கியம் சூட்கேஸோடு நிற்கிறாள்.

"மச்சாள், பேடு இப்ப சேர்ந்திட்டுது. அதை நீங்கள் வைச்சிருங்கோ, திரும்பவும் வேறை இடம் கொண்டுபோனால் தாங்காது. நான் எங்கையும் ஒரு அறை பாக்கிறன்."

"உது என்ன விசர்க்கதை?"

"நீங்கள் கூப்பிட்டனீங்கள் எண்டுதான் மச்சாள் வந்தனான். அண்ணை ஆஸ்பத்திரியிலை வைச்சுச் சொன்னவர், 'பரமேசுதான் சொன்னவள், பாக்கியம் இனி வாடகைக்கு அலையக்கூடாது, எங்களோடை வந்து இருக்கட்டும் எண்டு.' இல்லாட்டில் நான் வருவனே? இது உங்கடை வீடெண்டு எனக்குத் தெரியாதே?"

அந்த நேரம் நீங்கள் உயிரோடு முன்னால் நின்றிருந்தால் அகப்பையால் ஒன்று போட்டிருப்பேன். சாகக் கிடந்த மனிசன் சொன்ன பொய்! இவ்வளவு நாளும் அவள் நான்தான் தன்னைக் கூப்பிட்டவள் என்று நினைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டவள் ஏன் இப்படிக் கொத்துகிறாள் என்று எத்தனை தரம் யோசித்திருப்பாள்?

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம். நான்தான் சொன்னனான்," என்றேன். "அவனோடை ஏதோ கோவத்திலை கதைச்சிட்டன். சூட்கேஸை உள்ளை கொண்டுபோய் வையும். அலுமாரியிலை கீழ்த்தட்டு வெறுமையாய்த்தான் கிடக்கு."

நம்பினாளோ தெரியாது. உள்ளே போய் உடுப்பை அடுக்குகிற சத்தம் கேட்டது.

உங்களுக்கு இப்போது சந்தோசம்தானே? என்னைக் கேளாமலே என்னை நல்லவளாக்கிவிட்டீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நாலு நாள் கத்தியிருப்பேன். ஐந்தாம் நாள் நானே போன் எடுத்து, "வாரும் பாக்கியம்" என்று சொல்லியிருப்பேன். இத்தனை வருசம் என்னோடு இருந்தும் அது உங்களுக்குத் தெரியவில்லையா? அல்லது தெரிந்தும், அந்த நாலு நாளைத் தாங்கப் பயந்தா என் வாய்க்குப் பதிலாக நீங்கள் சொன்னீர்கள்? நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. இனி அதை நான் உண்மையாகச் சொல்ல வழியில்லை.

அவளுக்கு ஒருநாளும் சொல்லமாட்டேன், இது சத்தியம். நான் இருக்கும்வரை அவள் இந்த வீட்டில் இருப்பாள், எனக்குப் பிறகும் இருப்பாள். அவள் இங்கேதான் இருப்பாள் என்று மகனுக்கும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு மன்னிப்பு இல்லை. நான் அங்கே வரும்போது, தராமல் விட்ட அந்த நாலு நாளும் உங்களைக் கதிரையில் இருத்தி வைத்துக் கத்துவேன்.

உங்கடை மனிசி,
பரமேசு